விரலான் விரலை ஆட்டும் நேரம்

எங்க காம்பவுண்டுக்குக் குடிவந்த எல்லாருமே ஆதார் ஜெராக்ஸ் குடுத்து, எந்த ஊரு, எந்தக் கம்பெனி, வீட்டுக்கு எத்தனை உருப்படி, சொந்தக்காரங்க வந்தா எத்தனை நாள் தங்குவாங்கன்னு ஓனரம்மா கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் சொல்லிட்டுத்தான் வந்தோம்; விரலான் மட்டும் ஒரு காயிதமும் குடுக்காம, ஒரு வார்த்தையும் பேசாம, புரட்டாசி மாசத்துல ஒரு சாயங்காலம் ஜெபராஜோட செல்போன்ல இருந்து எறங்கி, வாசலைக் குறுக்க நடந்து வந்து, உப்புத்தண்ணித் தொட்டி விளிம்புல ஏறி உக்காந்துக்கிச்சு. அப்ப நாங்க அத்தனை பேரும் வாசல்லதான் இருந்தோம். யாரும் பெருசா அலறல. குழாயில தண்ணி வர்ற நேரம், அவங்கவங்க கொடத்து மேலதான் அவங்கவங்களுக்குக் கண்ணு.

திருப்பூர்ல பனியன் கம்பெனிங்களுக்கு நடுவுல இருக்கற காம்பவுண்டுங்க எல்லாம் எப்படி இருக்குமோ அப்படித்தான் எங்களதும். ரெண்டு வரிசை சீட்டுக் கூரை வீடு, நடுவுல வாசல், ஒரு தொட்டி, ஒரு குழாய், ஒரு இரும்புக் கேட்டு. என் பேரு மயிலாத்தா, ஓவர்லாக் டெய்லரு. காம்பவுண்டுல யாரைக் கேட்டாலும் என்னையப் பத்தி ஒரே சேதிதான் சொல்லுவாங்க, வாயின்னு. இருக்கட்டும், வாயி இல்லைன்னா இந்த ஊருல ஒரு கொடம் தண்ணி கெடைக்குமா?

ஜெபராஜ் வெளையாடற வெளையாட்டுக்கு இங்கிலீஷ்ல என்னமோ பேரு, எங்க வாயில நொழையாது, நாங்க பூதச்சண்டைன்னு சொல்லுவோம். அவன் தூத்துக்குடிப் பக்கத்து ஆளு, பேக்கிங்ல வேலை, முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகல, டீ டயத்துலகூட போனைக் கீழ வைக்க மாட்டான். நாம ஆறு பூதத்தைக் கூடச் சேத்துக்கணுமாம், எதிராளி ஆறு சேத்துக்குவானாம், ஒண்ணு மாத்தி ஒண்ணு அடிச்சுக்கணுமாம். தீ வைக்கற அடி, தண்ணி பீச்சற அடி, மண்ணை வாரிக் கண்ணுல போடற அடி, தூங்க வைக்கற அடின்னு நூத்துக்கணக்குல அடி இருக்குதாம், ஒவ்வொரு பூதத்துக்கும் இன்ன இன்ன அடிதான் வரும்னு உண்டாம். இப்ப வந்த இந்தக் குட்டிப் பூதத்துக்கு மட்டும் தனக்குன்னு ஒரு அடியும் கெடையாது. விரலை ஆட்டும், ஏதோ ஒண்ணு வரும். அது தீயாவும் இருக்கலாம், தூறலாவும் இருக்கலாம். அந்த அடிக்கு ஜெபராஜ் வச்ச பேரே ஏதோ ஒண்ணுதான். இனித் தோத்தாச்சுங்கற நேரத்துல அதை அமுத்துவானாம். அன்னிக்கும் தோத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கான், அமுத்தியிருக்கான், போனு கையில புடிக்க முடியாத அளவுக்குச் சுட்டிருக்குது, கீழ வச்சிருக்கான், குட்டி வெளிய வந்துருச்சு.

பாக்கறதுக்கு வெள்ளாட்டுக் குட்டி ஒசரம், கத்திரிக்காய் நெறம், வட்டமா ரெண்டு காது, வாலும் ரெண்டு. வலது கையில ஒரு விரலு மட்டும் நீளமா இருக்கும், அதை எப்பவும் தூக்கியே வச்சிருக்கும், ஒண்ணுக்குப் போக டீச்சரைக் கேக்கற புள்ளையாட்டம். தொட்டி மேல உக்காந்து எங்களை ஒவ்வொருத்தரா ஒரு பார்வை பாத்துச்சு. அந்த நேரத்துலதான் சின்னராசு கேட்டைத் தெறந்துக்கிட்டு உள்ள வந்தான்.

சின்னராசு அயர்ன் மாஸ்டரு. காலையில இருந்து நின்னுக்கிட்டே தேய்க்கற வேலை, ஆவி மூஞ்சியிலயே அடிக்கும். ஷிப்மெண்ட் நேரம், மூணு மாசமா அவனுக்குத் தெனமும் ஒண்ணரை ஷிப்ட்டு. முழு ஷிப்ட்டு முடிஞ்சு, அரை ஷிப்ட்டுக்கு முன்னால ஒரு வாய் சோறு தின்னுட்டு ஓடறதுக்காக வருவான். அவன் வாசப்படியில உக்காந்தான், ஒரு செருப்பைக் கழட்டினான், குட்டி விரலை ஆட்டுச்சு, இன்னொரு செருப்பை அவன் கழட்டல. அப்படியே சுவத்துல சாஞ்சுட்டான். தட்டுல சோத்தோட வந்த வளர்மதி, அவன் சம்சாரம், செக்கிங்ல வேலை பாக்கறவ, தேனிப் பக்கத்துப் புள்ள, பாத்துட்டு அசந்துட்டாரு போலன்னு சந்தோஷப்பட்டா. கம்பெனிக்குப் போன் பண்ணி அவருக்குக் காய்ச்சல், அரை ஷிப்ட்டுக்கு வரமாட்டாருன்னு தைரியமாப் பொய்கூடச் சொன்னா.

விடிஞ்சும் அவன் எந்திரிக்கல. ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனோம், ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, எல்லாம் சுத்தமா இருக்குது, மனுசன் தூங்கறாரு, அவ்வளவுதான்னாங்க. குளுக்கோஸ் ஏத்தி ஏத்தி அவங்களும் சலிச்சுப் போயி, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கம்மான்னு அனுப்பி வச்சாங்க. கண்ணு மூடினாப்புலயே கஞ்சி ஊத்தினா முழுங்குவான். ஆனா ஒவ்வொரு நாளும் முழுங்கறது கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, கன்னத்து எலும்பு மேல வந்துக்கிட்டே இருந்துச்சு. எங்க எல்லாருக்கும் அதுதான் வெசனம். வளர்மதிக்கு வேற நெனப்பே இல்ல.

விரலானை என்ன பண்றதுங்கறது அதுக்கு அடுத்த பஞ்சாயத்து. ஓனரம்மா சட்டப்படி நாய், பூனை, கோழி எதுவும் காம்பவுண்டுக்குள்ள கூடாது, ஒரு வீட்டுக்கு நாலு உருப்படிக்கு மேல ஆகாது. ஜெபராஜ் ரூம்ல ஏற்கனவே நாலு பேரு. அப்ப இதை எந்த வீட்டுக் கணக்குல சேக்கறதுன்னு ஓனரம்மா வந்து நின்னு ஒரு மணி நேரம் ரோசனை பண்ணுச்சு. எந்த வீடும் எனக்கு வேண்டாம் உனக்கு வேண்டாம்னு தள்ளி விட்டோம். கடைசியில அது உக்காந்திருக்கறது தொட்டி மேல, தொட்டி எல்லாருக்கும் பொது, அதனால குட்டியும் குழாய் மாதிரி பொதுவுல சேத்தின்னு அந்தம்மாவே தீர்ப்புச் சொல்லிட்டுப் போயிருச்சு. கவுன்சிலர் வந்து பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, ரோட்டுக்கு எடைஞ்சல் ஒண்ணும் இல்லைன்னாரு. அது சோறு திங்கல, பால் குடிக்கல. கட்டிங் வேஸ்ட் துணியைப் போட்டுப் பாத்தோம், வெள்ளை பனியன் துணியை ஆசையாத் தின்னுச்சு, சாயம் போட்டதை மோந்து பாத்துத் தள்ளி வச்சுருச்சு. துணிக்கு இந்த ஊருல என்ன பஞ்சம்? வேலை முடிஞ்சு வர்ற ஒவ்வொருத்தரும் மடியில ரெண்டு துண்டு கொண்டாந்து போடற பழக்கம் ஆயிருச்சு. விரலான்னு பேரு யாரு வச்சாங்கன்னு தெரியல, எல்லாரும் அப்படியே கூப்புட ஆரம்பிச்சோம்.

தெனமும் சாயங்காலம் கம்பெனிச் சங்கு ஊதினதும் விரலான் எந்திரிச்சு நிக்கும், வாசல்ல இருக்கறவங்களை வரிசையாப் பாக்கும், விரலை ஆட்டும், ஏதோ ஒண்ணு வரும். ஒரு நாள் காஞ்ச வேப்பிலையா வந்து வாசலை மூடிச்சு. ஒரு நாள் எல்லார் கையில இருந்த டீயும் ஒரே நொடியில ஆறிப் போச்சு. ஒரு நாள் கூழாங்கல்லு மழை பேஞ்சு மூணு வீட்டுச் சீட்டு ஒடைஞ்சுச்சு. ஒரு நாள் மீன் கொழம்பு வாசத்தோட ஒரு காத்து அடிச்சு ஒதடெல்லாம் உப்புக் கரிச்சுச்சு. ஒரு நாள் என்ன காரணம்னே தெரியாம சோறு திங்கற வரைக்கும் எல்லாரும் சிரிச்சோம், அந்தச் சிரிப்புல ஓனரம்மா வாடகை கேக்க வந்ததையே மறந்துட்டுத் திரும்பிப் போச்சு. ஒரு நாள் தீ வந்து கொடியில காஞ்ச துணியை எல்லாம் பொசுக்கிருச்சு. நாங்களும் பழகிக்கிட்டோம். சங்குக்கு முன்னால துணியை எடுத்துரணும், பாத்திரத்தை மூடிரணும், டீ குடிக்கறதா இருந்தா குடிச்சுரணும், அப்பறம் வாசலுக்கு வந்து நின்னு இன்னிக்கு என்னன்னு பாக்கணும். பவர் கட்டுக்குப் பழகலையா, அது மாதிரிதான்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபுடிக்காத ஆளு காம்பவுண்டுல கெடையாது. ஏழாம் நம்பர் வீட்டு டெய்லர் மாரப்பன், வாயே தெறக்காத மனுசன், அவருகூட கெழமையைப் பொறுத்துன்னாரு. ஓனரம்மா வாலு எந்தத் தெசையில இருக்குதுன்னு பாக்கணும்னுச்சு. எந்தக் கம்பெனித் துணி தின்னுச்சோ அதைப் பொறுத்துன்னு ஒருத்தரு, அன்னிக்கு மொதல்ல யாரு மூஞ்சியில முழிச்சுச்சோ அதைப் பொறுத்துன்னு ஒருத்தரு. ஜெபராஜ் மட்டும் எல்லாத்தையும் கேட்டுச் சிரிப்பான். அந்த வெளையாட்டை வருசக்கணக்கா ஆடறவன், அவனுக்குத் தெரியாததா?

"கணக்கே கெடையாதுக்கா. இருக்கற நூத்துக்கணக்கான அடியில எது வேணும்னாலும் வரும். அது என்ன வரும்னு அதுக்கே தெரியாது. நான் சொல்லுதேன், வீணா மண்டையை ஒடைச்சுக்காதீங்க" அப்படீன்னான்.

எனக்குக் கணக்கில்லாததுன்னா ஆகாது. ஓவர்லாக்ல நூலு அறுந்தா ஊசி மொட்டை, இல்லைன்னா நூல் டென்சன் அதிகம், ரெண்டுல ஒண்ணு. சும்மா அறுந்துச்சுன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்ல முடியுமா? ஆனா ஜெபராஜ் சொன்னதுக்கு எதுத்துச் சொல்ல எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல. அவன் சொன்ன இன்னொண்ணைத்தான் வளர்மதி புடிச்சுக்கிட்டா. பூதச்சண்டையில ஒருத்தனைத் தூங்க வச்சா அந்தத் தூக்கம் பெரிய சத்தத்துல கலைஞ்சுரும், ஆனா அந்தச் சத்தமும் ஒரு அடியா வரணும். நாங்க பேண்டுக்காரங்களைக் கூட்டியாந்து காதுகிட்ட ஊதச் சொல்லிப் பாத்தாச்சு, ஆம்புலன்ஸ்காரரைக் கெஞ்சி வாசல்ல சங்கு போட வச்சாச்சு, நானே தொண்டை கிழியக் கத்திப் பாத்தாச்சு. சின்னராசு இமைகூட ஆடல. நீங்க கத்துனா அது வெறும் சத்தம்க்கா, விரலான் கத்துனாத்தான் அடி, அதுவும் அது கண்ணுல படறவங்க மேலதான் விழும்னு ஜெபராஜ் சொன்னான். அதனால தெனமும் சங்குக்கு முன்னால கட்டிலோட அவனைத் தூக்கிக் கொண்டாந்து தொட்டிக்கு நேரா போடுவோம். வளர்மதி தலைமாட்டுல நிப்பா. என்ன வந்தாலும் மொதல்ல அவன் மொகத்தைத்தான் பாப்பா.

எங்க ஆளுங்களுக்கு ஒரு பழக்கம், கஷ்டம்னு வந்தா ஆள் சேக்கறது. ஒருத்தர் நின்னா ஆகாதது நூறு பேரு நின்னா ஆகும்னு ஒரு நம்பிக்கை. அடுத்த காம்பவுண்டுக்காரங்க வந்தாங்க, சின்னராசோட கம்பெனி ஆளுங்க வந்தாங்க, தேனிப் பக்கத்துல இருந்து வளர்மதியோட அண்ணன், மதினி, பெரியம்மா, சித்தப்பான்னு ஒரு வேன் நெறைய வந்து எறங்கினாங்க. சங்கு ஊதறப்போ வாசல்ல கால் வைக்க எடம் இருக்காது. எல்லாரும் கையைக் கூப்பிக்கிட்டு நிப்பாங்க. விரலானுக்கு எல்லாரையும் பாத்து முடிக்கவே நேரம் புடிக்கும். அப்ப வந்த சங்கதிங்களை அதுக்கு முன்னால நாங்க பாத்ததே இல்ல. எலவம்பஞ்சு பறந்துச்சு, மலைச்சாரல் அடிச்சுச்சு, எருமை கனைச்சுச்சு, ஏலக்காய் மணத்துச்சு, சுவரெல்லாம் பச்சையா பாசி புடிச்சுச்சு. ஒரு நாள் வந்தது மறு நாள் வராது. மழை கொட்டின ஒரு சாயங்காலம், கட்டிலை வெளிய எடுக்க முடியாத ஒரே ஒரு சாயங்காலம், பெரிய கூச்சல் ஒண்ணு வந்துச்சு, தெருவே நடுங்குற கூச்சல். இதை எங்கியோ கேட்டிருக்கமேன்னு எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க, நான் மொறச்சேன். வளர்மதி கதவு நெலையைப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. வந்ததே, நாம வெளிய கொண்டாரலையேன்னு அவ அழுத அழுகையைப் பாக்க முடியல. அதுக்கப்பறம் அந்தக் கூச்சல் வரவே இல்ல.

அப்பறம் தீபாவளி வந்துச்சு. தீபாவளிக்குத் திருப்பூரைப் பாக்கணுமே நீங்க. போனஸ் வாங்கின கையோட ஊரே மூட்டை கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும், ரெண்டு நாள்ல எங்க தெருவுல நாய் மட்டுந்தான் நிக்கும். எங்க காம்பவுண்டும் காலியாச்சு. வேன்ல வந்தவங்க முன்னாடியே திரும்பிட்டாங்க, மாரப்பன் ஊருக்குப் போனாரு, ஜெபராஜ் ரூம்காரங்க போனாங்க. ஜெபராஜ் கிறிஸ்மசுக்குத்தான் போவான். எனக்குப் போறதுக்கு ஊரு இல்ல. வளர்மதி அவனை விட்டுட்டு எங்க போவா? ஆக மிச்சம் நாங்க மூணு பேரு, கட்டில்ல அவன், தொட்டி மேல விரலான்.

அந்த வாரந்தான் எனக்குக் கண்ணு தெறந்துச்சு. கம்பெனி லீவு, சங்கு இல்ல, இருந்தும் நேரம் தவறாம விரலான் எந்திரிச்சு நின்னு எங்க நாலு பேரையும் பாத்து விரலை ஆட்டும். மொத நாள் மீன் கொழம்புக் காத்து வந்துச்சு. மறு நாள் கூழாங்கல்லு. அதுக்கு மறு நாள் தேய்ச்ச துணி வாசத்தோட சூடா ஆவி. மறுபடியும் மீன் கொழம்புக் காத்து. வேப்பிலை இல்ல, தீ இல்ல, சிரிப்பு இல்ல, ஏலக்காய் இல்ல. இதென்னடா இது, நூத்துக்கணக்குல இருக்குதுன்னு சொன்னானே, வந்ததே வருதேன்னு ரோசிச்சேன். தீயும் மாரப்பனும் ஒண்ணாக் காணாமப் போனதை நெனச்சுப் பாத்தேன். அன்னிக்குச் சாயங்காலம் மதில் மேல நடந்துக்கிட்டிருந்த பூனை ஒண்ணு, விரலான் விரலை ஆட்டினதும், நடந்த நடையிலயே சுருண்டு படுத்து, தூங்கிக்கிட்டே மெதுவா அந்தப் பக்கம் விழுந்துச்சு.

நான் ஜெபராஜைக் கூப்புட்டு, அந்தப் போன்ல இந்தக் குட்டியைப் பத்தி எழுதியிருக்கும்ல, அதைப் படிடான்னேன். அதையெல்லாம் யாருக்கா படிப்பா, தாண்டிட்டுப் போயிருவோம்லான்னான். படிடான்னு ஒரு அதட்டு அதட்டினேன். தேடி எடுத்து, எழுத்துக் கூட்டி, ரெண்டு தடவை படிச்சுப் பாத்தான். அவன் மூஞ்சி செத்துப் போச்சு.

"நான் வேற ஒரு பூதத்தோட அடியை நெனச்சுட்டேன்க்கா. அதுக்குத்தான் எது வேணும்னாலும் வரும். இதுக்கு அப்படி இல்ல. கூட நிக்கறவங்களுக்குத் தெரிஞ்சதுல ஏதோ ஒண்ணுன்னு போட்டிருக்கு."

இதைக் கேட்டதும் எல்லாம் வரிசையா வெளங்கிச்சு. மீன் கொழம்பும் உப்புக் காத்தும் ஜெபராஜோடது, வேற யாருது? ஆவி சின்னராசோடது, படுத்துக் கெடந்தாலும் அவனும் கூடத்தானே இருக்கான். கூழாங்கல்லு என்னோடதுதான், நான் பேசறதே கல்லெறியற மாதிரிதானே, அந்தக் கூச்சலும் என்னோடதுதான், இதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம். வேன் நெறைய ஆளு வந்தப்போ மலைச்சாரலும் ஏலக்காயும் வந்ததும் அதனாலதான். ஆள் சேரச் சேர வகை சேந்துக்கிட்டே போயிருக்குது, வேண்டியது அதுக்குள்ள பொதைஞ்சு போயிருக்குது. கும்புட்டு நின்ன அத்தனை பேரும் சேந்து அந்தப் பையன் எந்திரிக்கறதுக்கு இருந்த வழியை அடைச்சுக்கிட்டு நின்னிருக்கோம். வாயே தெறக்காத மாரப்பனுக்குள்ள துணியைப் பொசுக்கற தீயி இருந்திருக்கு பாருங்க. நான் இதையெல்லாம் சத்தமாச் சொல்லிக்கிட்டே போனதுல, தூக்கம் யாரோடதுங்கற எடத்துக்கு வந்து சேந்துட்டதை நான் கவனிக்கல.

வளர்மதி சட்டியை எறக்கி வச்சுட்டு வந்து நின்னா. "அப்ப அந்தத் தூக்கம் என்னோடதாக்கா?" அப்படீன்னு கேட்டா.

வாயாடி நான், நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

"தெனமும் சோத்தைப் போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்திருப்பேன். மெல்லும்போதே அவருக்குக் கண்ணு சொருகிரும். எந்தச் சாமியாச்சும் இந்த மனுசனை ஒரு நாளு நல்லாத் தூங்க விடாதான்னு நெனைப்பேன். அன்னைக்குத் தட்டைத் தூக்கிட்டு வரும்போதும் அதைத்தான் நெனச்சேன். எங்கிட்ட வேற ஒண்ணுமே இல்லக்கா, அது ஒண்ணுதான் இருந்துச்சு" அப்படீன்னா.

போடி பைத்தியக்காரி, நீ என்ன கெட்டதையா நெனச்சேன்னு திட்டி, அவ தலையை இழுத்து என் தோள்ல வச்சுக்கிட்டேன். பாசமா நெனச்சது இப்படிப் போயி விழும்னு அவளுக்கு எப்படித் தெரியும்? ஜெபராஜ் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

மறு நாள் காலையில கஞ்சி உள்ள எறங்கல. கடவாய் வழியா வழிஞ்சு கழுத்துல ஓடுச்சு. வளர்மதி ஸ்பூனைக் கீழ வச்சா. இதுக்கு மேல நாள் கடத்த முடியாதுன்னு மூணு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. விடிஞ்சா ஊருக்குப் போனவங்க எல்லாம் மூட்டையோட வந்து எறங்க ஆரம்பிச்சுருவாங்க, வாசல் மறுபடியும் ரொம்பிரும். இருக்கறது அந்த ஒரு சாயங்காலந்தான்.

ஜெபராஜ் போனை மூடி வச்சுட்டு நிதானமாச் சொன்னான். கேட்டுக்குள்ள எத்தனை கொறைச்சலா ஆளு இருக்கோ அத்தனை கொறைச்சலா வகை இருக்கும். கூச்சல் தெரிஞ்ச ஆளு மட்டும் உள்ள நின்னாப் போதும், மத்தவங்க வெளிய போயிரணும். அவனும் போயிரணும், வளர்மதியும் போயிரணும், முக்கியமா அவதான் போகணும், தூக்கம் அவகிட்டத்தான் இருக்குது. சின்னராசோட ஆவி வந்தா வரட்டும், அதனால ஒண்ணும் ஆகாது. ஆனா எங்கிட்ட கூச்சல் மட்டுமா இருக்குது? கூழாங்கல்லும் இருக்குது. சீட்டையே ஒடைச்ச கல்லு, இவன் இப்ப இருக்கற இருப்புல மேல விழுந்தா தாங்குவானா? இதைச் சொல்லிட்டு ஜெபராஜ் என் மூஞ்சியைப் பாக்கல. வளர்மதி கட்டில் சட்டத்தைப் புடிச்சுக்கிட்டு, நீங்க நில்லுங்கக்கான்னா. கல்லு வந்தா நான் அவன் மேல விழுந்து படுத்துக்கறேன் அம்மிணி, எம் முதுகு தாங்கும்னேன்.

நேரம் ஆச்சு. கட்டிலைத் தூக்கித் தொட்டிக்கு நேராப் போட்டோம். வளர்மதி அவன் வேட்டியைச் சரி பண்ணினா, நெத்தியில கெடந்த முடியை ஒதுக்கினா, கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா.

"எந்திரிச்சா மொதல்ல என்னையத்தான் தேடுவாருக்கா. கடைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க" அப்படீன்னா.

சொல்றேன் போன்னேன். ஜெபராஜ் அவளைக் கூட்டிக்கிட்டுப் போயி, கேட்டைச் சாத்தி, தெருமுனை வரைக்கும் போயிட்டான். குடிவந்த நாள்ல இருந்து அந்த வாசலை அத்தனை காலியா நான் பாத்ததே இல்ல. எழவு விழுந்து எல்லாரும் மயானத்துக்குப் போனாக்கூட தண்ணி புடிக்க ஒருத்தரு இருப்பாங்க. விரலான் எந்திரிச்சு நின்னுச்சு. சின்னராசை ஒரு பார்வை பாத்துச்சு, என்னைய ஒரு பார்வை பாத்துச்சு, என்னைய ரொம்ப நேரம் பாத்துச்சு. நான் கட்டிலுக்குப் பக்கத்துல குனிஞ்சு, ரெண்டு கையையும் அவனுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஊனிக்கிட்டு, கத்து சாமி, கல்லு மட்டும் வேண்டாம், கத்துன்னு வேண்டிக்கிட்டேன். விரலை ஆட்டுச்சு.

கல்லு வரல. கூச்சலும் வரல. மொதல்ல தொட்டிக்குள்ள இருந்து தேம்பற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, அப்பறம் கொடிக்கம்பியில இருந்து வந்துச்சு, அப்பறம் பூட்டிக் கெடந்த ஒவ்வொரு வீட்டுக்குள்ள இருந்தும் வந்துச்சு, ஒரு பொம்பளை வாயைப் பொத்திக்கிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுரக் கூடாதுன்னு அடக்கி அடக்கி அழுவுற சத்தம். யாருடா இது அழறதுன்னு சுத்திமுத்திப் பாத்தேன். கொரலு எங்கொரலு. நான் அழுது இந்தக் காம்பவுண்டுல ஒருத்தரும் பாத்ததில்ல, நானே பாத்ததில்ல, புருசன் போனப்பக்கூட குழாயடியில சண்டைதான் போட்டேன். எனக்கு அழத் தெரியும்னு எனக்கே தெரியாது, அந்தப் பிராணிக்குத் தெரிஞ்சிருக்குது. அது பெருசா ஒண்ணும் இல்ல, மெதுவான அழுகைதான், ஆனா நிக்கவே இல்ல. கேக்கக் கேக்க என் கண்ணுலயும் தண்ணி வந்து அவன் கழுத்துல சொட்டுச்சு.

பேண்டுக்கு எந்திரிக்காதவன், ஆம்புலன்சுக்கு எந்திரிக்காதவன், அதுக்குக் கண்ணைத் தெறந்தான்.

"யாருக்கா அழறது? வளரா?" அப்படீன்னான். கொரலு காஞ்சு போயி ஒரு நூலாட்டம் வந்துச்சு.

இல்ல சாமி, அவ கடைக்குப் போயிருக்கா, நாந்தான்னேன். அவன் எம் மூஞ்சியைப் பாத்தான், வாசலைப் பாத்தான், வெளிச்சத்தைப் பாத்தான், திடீர்னு பயந்து போயி எந்திரிக்கப் பாத்தான், காலு தரையில செருப்பைத் தேடுச்சு.

"நேரமாயிருச்சாக்கா? அரை ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதிட்டாங்களா?"

நீ வாரக்கணக்காத் தூங்கிட்டே, செத்துப் பொழைச்சேன்னு சொல்ல வாயெடுத்தவ, சொல்லல. "இன்னிக்கு லீவு கண்ணு. கம்பெனியே லீவு" அப்படீன்னேன்.

லீவான்னு கேட்டான். நெசமாவான்னு மறுபடியும் கேட்டான். ஆமான்னேன். அவன் மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க.

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமாக்கா?"

நான் வளருன்னு ஒரு கத்துக் கத்தினேன். கேட்டைத் தள்ளிக்கிட்டு ஓடி வந்தா, பின்னாலயே ஜெபராஜும் வந்தான். தண்ணி குடுத்தா, அவனே தம்ளரைப் புடிச்சுக் குடிச்சான். ரெண்டு கரண்டி ரசஞ்சோறு தின்னான். அவ கையைப் புடிச்சுக்கிட்டு, லீவாமான்னு சிரிச்சுட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிட்டான். எங்களுக்கு உசிரே இல்ல. அடுப்புல பாலை வச்சுட்டுப் பாத்துக்கிட்டு இருக்கற மாதிரி மூணு பேரும் சுத்தி உக்காந்து அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தோம். விரலான் தொட்டி மேல உக்காந்து துணியை மென்னுக்கிட்டு இருந்துச்சு. வளர்மதி கையை அவன் தோளுகிட்டக் கொண்டு போவா, எழுப்பிப் பாத்துரலாமான்னு என்னையப் பாப்பா, இழுத்துக்குவா.

கொஞ்ச நேரத்துல அவன் குறட்டை விட்டான். அத்தனை வாரம் படுத்துக் கெடந்தும் அவன் ஒரு குறட்டை விட்டதில்ல, அசைஞ்சதில்ல. இப்ப சீட்டு அதிரக் குறட்டை விட்டுக்கிட்டு, ஒரு கொசுவை அடிச்சுட்டு, காலைத் தூக்கிக் கட்டில் சட்டத்து மேல போட்டுக்கிட்டான். அது அவனோட சொந்தத் தூக்கம். வளர்மதி வாயைப் பொத்திக்கிட்டு அழுதா, சிரிச்சா. அப்பறம் முந்தானையால அவன் மூஞ்சிக்கு மெதுவா விசிறிவிட ஆரம்பிச்சா.

யாரும் எழுப்பல.